வாத்தியாரம்மா போடும் சின்னக் கோடு!

வருகைப் பதிவேட்டில் அடங்கியிருக்கும் பிள்ளைகளின் வாழ்க்கை

“வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போ. இடது காதைத் தொடு, பார்க்கலாம்!”

தலைமை ஆசிரியர் சொல்வார். பையன் எம்பி எம்பிப் பார்ப்பான். விரல் காதைத் தொட்டுவிட்டால், “சரி, வயது 5 ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம்” என்பார். தொடவில்லை என்றால், “அடுத்த வருஷம் அழைத்து வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். அவரும் இப்படிக் காதைத் தொட்டுத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பார்.

காதைத் தொட்டாகிவிட்டது. பிறந்த தேதி?

அது அப்பாவுக்குத் தெரியாது. “பெரிய மழை பெய்ததே, அந்த வருஷம் ஆடி மாசம்” என்பார். பதிவேட்டில் “பெரிய மழை பெய்த வருஷம்” என்று எழுத முடியுமா? தலைமை ஆசிரியர் சற்று யோசிப்பார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதியைப் போட்டுவிடுவார்.

ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்தத் தேதி அந்தப் பையனை ஆயுள் முழுவதும் விடவே இல்லை!

வேலைக்குப் போனான். சான்றிதழைக் கேட்டார்கள். அதில் இருந்த தேதிதான் அவன் வயது. ஓய்வு பெறும் நாளும் அதை வைத்துத்தான். ஓய்வூதியமும் அதை வைத்துத்தான். பேரன் வெளிநாட்டில் இருக்கிறான், போய்ப் பார்க்கலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதினால், அங்கேயும் அதே தேதி!

ஒரு பள்ளிப் பதிவேட்டில் விழுந்த ஒரு வரிக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

சுரங்கமும் சான்றிதழும்

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை ஒட்டிக் கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவதிகை. திருநாவுக்கரசரும் அவருடைய அக்காள் திலகவதியாரும் வாழ்ந்த வரலாற்றால் புகழ் பெற்ற ஊர். அங்கிருந்து நெய்வேலி அதிக தூரம் இல்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956-ம் ஆண்டில் தொடங்கியது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முந்திரிக் காடும் செம்மண்ணுமாக இருந்த இடத்தில் ஒரு புதிய நகரம் எழுந்தது. பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள்.

ஊர் மாறினால் பிள்ளைகளும் பள்ளி மாற வேண்டும். பள்ளி மாறினால் டி.சி. வேண்டும். ‘டி.சி.’ என்று எல்லோரும் சொல்லும் மாற்றுச் சான்றிதழ் எதைப் பார்த்து எழுதப்படுகிறது? பள்ளியில் இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.

அப்பா பெயரில் ஓர் எழுத்துத் தவறினால், அந்தத் தவறு டி.சி.யில் ஏறும். அங்கிருந்து அடுத்த பள்ளிக்குப் போகும். பிறகு 10-ம் வகுப்புச் சான்றிதழில் போய் உட்காரும். அப்புறம் அதைத் திருத்த எத்தனை அலுவலகம், எத்தனை மனு, எத்தனை நாள் கூலி நஷ்டம்! பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லில் எழுதிய பாடத் திட்டம்!

எழுதி வைக்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. திருவதிகைக் கோயில் சுவர்களில் பல்லவர், சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. யார், என்ன, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இன்னும் ஓர் ஆச்சரியம்! விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் ராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1,000 ஆண்டு பழமை உடையது. அதில் ஒரு கல்லூரியின் கணக்கு அப்படியே இருக்கிறது.

மொத்தம் 340 மாணவர்கள். அவர்களில் இளையவர் 270 பேர், மூத்தவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இலக்கணம் படிப்பவர் எத்தனை பேர், எந்த வேதம் படிப்பவர் எத்தனை பேர் என்று பாடவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இளைய மாணவன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மூத்த மாணவனுக்கு 10 நாழி. எல்லாம் கணக்கு!

புதுச்சேரியைச் சேர்ந்த திருபுவனையில் 1048-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவர்களுக்கு ஊர்க் குழு வேலைகளிலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள். பாடம் சொல்கிறவரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்ற எண்ணம் அன்றே இருந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கல்லூரிகள் வேதம் ஓதும் ஒரு பிரிவினருக்கு மட்டுமே உரியவை. உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. அவன் விளைவித்த நெல் மட்டும் கணக்கில் வந்தது. அவன் பிள்ளையின் பெயர் வரவில்லை.

எல்லோர் பெயரும் ஏறிய கதை

1822-ம் ஆண்டில் சென்னை கவர்னராக இருந்தவர் தாமஸ் மன்றோ. ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டினார். அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகக் குறைவு.

1900 நவம்பர் 7-ந் தேதி. மராட்டிய நாட்டில் சதாரா என்ற ஊர். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு பையன் சேர்ந்தான். பதிவேட்டில் அவன் எண் 1914. பெயர், பீவா ராம்ஜி அம்பேத்கர்.

ஆம், பிற்காலத்தில் இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த டாக்டர் அம்பேத்கர்தான்! தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த சிறுவன் அவர். ஆனாலும் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தை அந்தப் பள்ளி இன்றும் பாதுகாத்து வருகிறது. அவர் பள்ளியில் சேர்ந்த அந்த நாளை மராட்டிய மாநிலம் 2017 முதல் மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது.

தமிழ்நாட்டிலும் பதிவேட்டில் பெயர்கள் பெருகின. 1956-ல் காமராசர் ஆட்சியில் பகல் உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பெயர் ஏறியாகிவிட்டது. அதோடு வேலை முடிந்ததா? இல்லை. பெயர் ஏறிய பிள்ளை தினமும் வருகிறதா? வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறுகிறதா? இதைக் கவனிப்பவர்தான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்.

220 நாளில் என்ன செய்யலாம்?

6, 7, 8 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாள் பள்ளி நடக்க வேண்டும், 1,000 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை. பாடம் நடத்துவது மட்டும் அல்ல, பாடத்துக்குத் தயார் செய்வதும் இந்த 45 மணியில் சேர்த்திதான். “வாத்தியார் வேலை சுலபமான வேலை” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்தில் கணக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். ஜூன் மாதம் அவர் எப்படித் திட்டம் போட வேண்டும்?

முதலில் காலண்டரை எடுக்கிறார். வாரத்துக்கு 5 பாட வேளை. 44 வாரத்துக்கு 220 பாட வேளை. இதில் தேர்வு, விழா, பயிற்சி என்று 40 போய்விடும். மீதி 180.

இந்த 180-ஐயும் பாடங்களுக்குப் பங்கு போட்டுவிட்டால் ஆபத்து! மழை வரும். காய்ச்சல் வரும். தேர்தல் வரும். ஆகையால் 20 பாட வேளையைத் தொடாமல் எடுத்து வைக்கிறார். வீட்டில் அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைக்கும் பணம் மாதிரி! மீதி 160. புத்தகத்தில் 20 பாடப் பகுதி இருந்தால், சராசரியாக ஒன்றுக்கு 8 பாட வேளை.

ஆனால் எல்லாப் பாடமும் ஒரே எடை அல்ல. எளிதான பாடம் 5 வேளையில் முடியும். பின்னம் போன்ற பாடத்துக்கு 12 வேளையும் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வைத் தெரிந்து பங்கு போடுவதில்தான் அனுபவம் இருக்கிறது.

அடுத்து ஊர் நிலவரம். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுக்கொண்டே இருப்பார்கள். மாசி, பங்குனி என்றால் முந்திரிப் பருவம். சில வீடுகளில் பிள்ளைகளை வேலைக்கு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே கடினமான பாடங்களை ஜூன் முதல் செப்டம்பருக்குள் வைக்க வேண்டும். மழைக் காலத்துக்கு ஒரே நாளில் முடியும் சின்னப் பாடங்கள். தை மாதத்தில் பழைய பாடங்களை ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் அச்சாகி வரும் திட்டத்துக்குக் கெடிலக் கரையின் மழை தெரியாது. அது ஊரில் இருக்கும் ஆசிரியைக்குத்தான் தெரியும்.

பலாப்பழமும் பின்னக் கணக்கும்

ஆண்டுத் திட்டத்தை வாரத் திட்டமாகப் பிரித்தாகிவிட்டது. இனி நாள்தோறும் பாடக் குறிப்பு.

பாடக் குறிப்பில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். இன்று பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அதற்கு வகுப்பில் என்ன செய்யப் போகிறோம்? தெரிந்துகொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பு முடிந்ததும் நான்காவதாக ஒரு வரி. நடந்தது என்ன?

இந்த நான்காவது வரிதான் உயிர். ஓர் உதாரணம் பாருங்கள்.

1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொல்கிறார் ஆசிரியை. பல பிள்ளைகள் 2/5 என்று எழுதுகிறார்கள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு இது.

“11 பேர் 2/5 என்று எழுதினார்கள்” என்று அன்று மாலை ஒரு வரி எழுதி வைக்கிறார். மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. கரும்பலகையில் ஒரு பலாப்பழத்தை வரைகிறார்.

“பாதிப் பழம் ஒருத்தர்கிட்ட இருக்கு. அது 2/5 பழத்தைவிடப் பெரிசா, சின்னதா?”

“பெரிசு டீச்சர்!”

“பாதியோட இன்னும் மூணில் ஒரு பங்கு சேர்க்கிறோம். சேர்த்த பிறகு பாதியைவிடக் குறையுமா?”

வகுப்பு சிரிக்கிறது. தவறு எங்கே என்று புரிந்துவிட்டது. இரண்டையும் ஆறு பங்காக வெட்டினால் 3 பங்கும் 2 பங்கும் சேர்ந்து 5/6. பண்ருட்டிப் பிள்ளைகளுக்குப் பலாப்பழம் பங்கு போடச் சொல்லித் தர வேண்டுமா என்ன!

அந்த ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால்? மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். 11 பிள்ளைகளும் அந்தத் தவறைச் சுமந்துகொண்டு 8-ம் வகுப்பு வரை போயிருப்பார்கள்.

15,400 கோடுகள்!

இனி வருகைப் பதிவேட்டைத் திறப்போம்.

காலையில் ஒரு கோடு, பிற்பகலில் ஒரு கோடு. 35 பிள்ளைகள், 220 நாள் என்றால் மொத்தம் 15,400 கோடுகள். “இது வெறும் சடங்கு” என்று தோன்றலாம். ஆனால் கோடு விழாத கட்டங்களைப் பாருங்கள். அவைதான் பேசும்.

ஒரு பிள்ளை திங்கட்கிழமைதோறும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ வேலைக்குப் போகிறதா? இன்னொரு பிள்ளை காலையில் வராது, மத்தியானம் வரும். வீட்டில் தண்ணீர் எடுத்துவிட்டு வருகிறதா? 7-ம் வகுப்புப் பெண் மாதத்தில் சில நாள் வருவதில்லை. பள்ளியில் கழிப்பறை சரியாக இல்லையா? ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பங்குனி வெயில். நாலு நாளாக வராத மாணவியைத் தேடி ஆசிரியை வீட்டுக்கே போகிறார். வாசலில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

“ஆயா! பேத்தி நாலு நாளாப் பள்ளிக்கூடம் வரலையே. உடம்புக்கு ஏதாச்சுமா?”

“வாங்க டீச்சர். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவ அம்மா முந்திரிக்கொட்டை பொறுக்கப் போயிருக்கா. சின்னப் பையனை நான் ஒருத்தி எப்படிப் பார்த்துக்கிறது? அதான் இவளை நிறுத்திக்கிட்டேன்.”

“எத்தனை நாளைக்கு ஆயா?”

“பருவம் முடியிற வரைக்கும்தான்.”

ஆசிரியை நோட்டைப் புரட்டுகிறார். “போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு ஆயா. மார்ச் மாசத்துல மட்டும் 14 நாள் வரலை. அப்போ விட்ட கணக்கு இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு வரலை. நல்லாப் படிக்கிற பொண்ணு ஆயா!”

பாட்டி பேசவில்லை. உள்ளே இருந்து பேத்தி எட்டிப் பார்க்கிறாள்.

“தம்பிக்கு ரெண்டு வயசு முடிஞ்சுதில்ல? அங்கன்வாடியில விடலாமே. போற வழியில நானே சொல்லிட்டுப் போறேன்.”

“அவன் அழுவானே டீச்சர்…”

“ரெண்டு நாள் அழுவான். அப்புறம் பழகிடும்.”

“சரி டீச்சர், அனுப்பிப் பார்க்கிறேன்.”

அந்தப் பெண் மறுநாள் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ஆசிரியை மறுபடியும் போக வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். பதிவேடு இல்லாவிட்டால், “போன வருஷம் 14 நாள்” என்று சொல்ல அவரிடம் எதுவும் இருந்திருக்காது. வெறும் வாய்ப் பேச்சுக்குப் பாட்டி மசிந்திருக்கவும் மாட்டார்.

அமெரிக்காவில் கண்ட உண்மை

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற பெரிய நகரம். அங்கே ராபர்ட் பால்பன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 6-ம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 13,000 பேரின் பள்ளிப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது.

100 நாளில் 80 நாள்கூட வராத பிள்ளை, கணக்கில் தோற்ற பிள்ளை, மொழிப் பாடத்தில் தோற்ற பிள்ளை, நடத்தையில் கெட்ட பெயர் எடுத்த பிள்ளை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் போதும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகச் சிலர்தான் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள்!

படிப்பை விட்டுவிடப் போகிற பிள்ளையை, விடுவதற்குப் பல ஆண்டு முன்பே அடையாளம் கண்டுவிடலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவை இல்லை. மேஜை மேல் இருக்கும் வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் போதும். யாராவது அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

42 மார்க்கு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பெயில் போட்டு நிறுத்துவதில்லை. இது நல்ல ஏற்பாடு. பெயிலான அவமானத்தில் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் இதனால் ஆசிரியரின் பொறுப்பு கூடிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளை பின்தங்கினால் பெயில் என்ற சொல் அதைக் காட்டிக் கொடுக்கும். இப்போது பதிவேடு ஒன்றுதான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

2012-13-ம் கல்வி ஆண்டில் முப்பருவ முறையும், தொடர் மதிப்பீட்டு முறையும் வந்தன. ஆண்டு முழுவதையும் ஒரே பரீட்சையில் அளக்காமல், வகுப்பில் நடக்கும் வேலைகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் வெறும் எண்ணை எழுதி வைத்தால் நோக்கம் நிறைவேறாது.

இரண்டு பிள்ளைகள் கணக்கில் 42 மார்க்கு வாங்குகிறார்கள். ஒருத்திக்குப் பின்னம் தெரியாது. இன்னொருவனுக்குப் பின்னம் தெரியும், கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. இருவருக்கும் மார்க்கு ஒன்று, குறை வேறு. காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே மருந்தா கொடுக்கிறார் டாக்டர்?

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு தடித்த நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். நாளைக்கு 5 பிள்ளைகளைக் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். 7 நாளில் 35 பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். எட்டாம் நாள் மறுபடியும் முதலிலிருந்து. தினமும் 10 நிமிஷம்தான். ஆண்டு முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சுமார் 30 வரி சேர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

பொய்க் கோடு வேண்டாம்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும்.

பதிவேடுகள் பெருகிவிட்டன. ஆசிரியருக்கு நேரம் இல்லை. அதிகாரி வருகிறார் என்றால், முந்தைய இரவு உட்கார்ந்து ஒரு மாதக் குறிப்பை எழுதித் தள்ளுவதும் உண்டு. போன ஆண்டுக் குறிப்பை அப்படியே பார்த்து எழுதுவதும் உண்டு. வராத பிள்ளைக்கு வந்ததாகக் கோடு போடுவதும் உண்டு. “வருகை குறைந்தால் நம்மைத்தானே கேட்பார்கள்” என்ற பயம்.

பொய்க் கோட்டால் அதிகாரி ஏமாறலாம். நஷ்டம் அவருக்கு அல்ல. வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். காகிதத்தில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அவளைத் தேடி யார் போவார்கள்?

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் வேலை ஆகியவை தவிர, கல்விக்குச் சம்பந்தம் இல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள். ஒரே விவரத்தை நாலு இடத்தில் எழுதச் சொல்லாமல் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். வருகை குறைந்த பள்ளியைப் பார்த்து, “ஏன் குறைந்தது?” என்று அதட்டாமல், “என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டால் பொய்க் கோடும் குறையும்.

புயல் வந்தாலும் அழியாதது

2011 டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கத்தில் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் பெருவெள்ளம் வந்தது. எத்தனையோ வீடுகளில் டிரங்குப் பெட்டியோடு சான்றிதழ்களும் நனைந்து கூழாகிவிட்டன.

வெள்ளம் வடிந்த பிறகு, 2015 டிசம்பரில் நகல் சான்றிதழ் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. நகல் என்றால், மூலம் எங்கேயாவது பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் பள்ளிப் பதிவேட்டை உயரமான இடத்தில், பீரோவுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்கிறார்கள்.

இப்போது ‘எமிஸ்’ என்ற கணினிப் பதிவு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வருகையும் கைப்பேசி வழியாக ஏறுகிறது. வெள்ளம் வந்தாலும் இது நனையாது. ஆனால் கணினியும் நாம் கொடுப்பதைத்தான் வைத்துக்கொள்ளும். பொய் கொடுத்தால் பொய்யையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும்!

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளையைச் சேர்க்கும்போது பதிவேட்டில் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி மூன்றையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். தவறு இருந்தால் அன்றே சொல்லுங்கள். அன்று திருத்த ஒரு நிமிஷம். பிறகு திருத்த ஒரு வருஷம்!

வேறு ஊருக்குப் போகிறீர்களா? மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது வரத் தாமதமானாலும், அரசுப் பள்ளிகளில் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

பிள்ளையை ஒரு நாள் நிறுத்தினால் காரணத்தை ஆசிரியரிடம் சொல்லி அனுப்புங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் போங்கள். “என் பிள்ளை எத்தனை மார்க்கு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எத்தனை நாள் வந்திருக்கிறது? எந்தப் பாடம் வரவில்லை?” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறார்கள், சின்ன வயதில் கலியாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால், 1098 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்யலாம்.

தாத்தா காதைத் தொட்டுச் சேர்ந்தார். அவருக்கு வாத்தியார் போட்டுக் கொடுத்தது ஒரு பிறந்த தேதி. பேத்திக்குத் தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இன்று காலை மணி அடித்ததும் வாத்தியாரம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

அப்போது “உள்ளேன் அம்மா!” என்று சொல்ல அவள் வகுப்பில் இருக்க வேண்டும். அவளை நேரத்துக்கு அனுப்பி வையுங்கள்.